சிரிச்சா, சிரிச்சான்

பேச்சுத் தமிழில் ஒரு பெண் சிரித்ததற்கும் ஓர் ஆண் சிரித்ததற்கும் நடுவே மூக்கு வழியாகப் போகும் கொஞ்சம் காற்றுதான் வித்தியாசம். அவ சிரிச்சா. அவன் சிரிச்சான். எழுதும்போது அது புள்ளி வைத்த ஓர் எழுத்து. எங்கள் பக்கத்துப் பேச்சில் அதைக்கூட யாரும் முழுசாகச் சொல்வதில்லை, மூக்கில் லேசாக இழுத்து விட்டுவிடுவோம். மைக்கில் எக்கோவைக் கொஞ்சம் ஏற்றி வைத்தால் எது எதுவென்று யாருக்கும் தெரியாது. அந்த எக்கோவுக்குள்தான் நான் பல வருஷம் குடியிருந்தேன்.

ராயபுரத்தில் துறைமுக மதிலுக்குப் பக்கத்துத் தெருவில் பிறந்தவன் நான். அப்பா ஹார்பரில் வேலை பார்த்தார், ஓய்வு பெற்ற கையோடு போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் அம்மாவும் நானும்தான். பகலில் மைக் செட் கடையில் வேலை. ஸ்பீக்கர் பாக்ஸ் ஏற்றுவது, வயர் இழுப்பது, ஆம்ப் ரிப்பேர். கல்யாணம், திருவிழா என்றால் ஒரு மெல்லிசைக் குழுவோடு மேடையேறுவேன். சாவு வீட்டில் கூப்பிட்டால் போய் கானா பாடுவேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பாடகர் குழுவில் நிற்பேன். கல்யாணத்துக்கும் சாவுக்கும் பூசைக்கும் ஒரே தொண்டைதான்.

கோயிலில் எனக்குக் கஷ்டமே இருந்ததில்லை. அங்கே ஆண்கள் நாங்கள் வரிசையாக நின்று, ஆண்டவரை நேசர் என்றும் மணவாளன் என்றும் கூப்பிட்டு, அவர் மார்பில் சாய்வதாகவும் அவரைப் பிரிந்து வாடுவதாகவும் கண்ணீர் விட்டுப் பாடுவோம். கல்யாணமாகி மூன்று பிள்ளை பெற்ற பெரிய மீசைக்காரர்கள் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு உருகுவார்கள். யாரும் யாரையும் திரும்பிப் பார்த்ததில்லை. கஷ்டம் மேடையில்தான். மேடையில் எல்லாப் பாட்டும் ஒரு பெண்ணைப் பார்த்துத்தான் பாட வேண்டும். அதனால் ‘நீ’ என்று வரும் பாட்டாகப் பார்த்து எடுப்பேன். நீ என்ற சொல்லுக்கு ஆண் பெண் கிடையாது. ‘பெண்ணே’ என்று வரும் இடத்தில் மைக்கை ஜனங்கள் பக்கம் திருப்பிவிடுவேன். அவர்கள் கத்திப் பாடுவார்கள். அது என் ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அவனை முதலில் பார்த்தது திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகும் சாலையில். ஒரு விசேஷத்துக்காக ஸ்பீக்கர் பாக்ஸ்களை ஏற்றிக்கொண்டு போன எங்கள் குட்டி யானை வண்டி, துறைமுகத்துக்குள் போகக் காத்திருந்த கன்டெய்னர் லாரிகளின் வரிசைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. பாலத்துக்குக் கீழே ஒரு டீக்கடை இருந்தது. நான் போய் நின்றபோது கடைக்காரர் பால் சட்டியைக் கவிழ்த்துக் காட்டினார். கடைசி டீ ஒருத்தன் கையில் இருந்தது. லுங்கியை மடித்துக் கட்டியிருந்தான், தோளில் ஈரத் துண்டு. என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இன்னொரு கிளாஸ் கேட்டு வாங்கி, பாதியை ஊற்றி நீட்டினான்.

“புட்சிக்கோ மாமு. இந்த வரிசை இப்பத்திக்கு நகராது.”

“உனுக்கு?”

“அதான் மீதி கீதே.”

அவன் முகத்துவாரக்குப்பத்துக்காரன். அப்பா கழிமுகத்தில் மீன் பிடித்தவர். ஆற்றில் சாம்பலும் எண்ணெயும் வந்து சேர்ந்த பிறகு வலையில் ஏறுவது குறைந்தது. குப்பத்துப் பிள்ளைகள் கம்பெனி, கான்ட்ராக்ட், லாரி என்று ஆளுக்கொரு பக்கம் போனார்கள். இவன் டிரைலர் ஓட்டப் போனான். ஒரு அக்கா, கல்யாணமாகி அதே குப்பத்தில் இருந்தாள்.

அதற்குப் பிறகு அவன் வண்டி வரிசையில் நிற்கும் நாட்களில் நான் பஸ் ஏறிப் போவேன். மத்தியான வெயிலில் டிரைவர்கள் எல்லாம் வண்டிக்கு அடியில் பாய் விரித்துத் தூங்குவார்கள். நாங்கள் கேபினில் இருப்போம். முன் கண்ணாடியில் துண்டை விரித்துக் கட்டிவிட்டால் உள்ளே மஞ்சள் வெளிச்சம். டீசல் வாடை, அவன் அக்கா கொடுத்தனுப்பிய இறால் தொக்கின் வாடை. எங்களுக்கென்று இந்த ஊரில் இருந்த ஒரே அறை அதுதான். வரிசை நகரும்போது அந்த அறையும் நகரும். பின்னால் ஹாரன் அடித்தால் அவன் எழுந்து கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடி வந்து படுப்பான்.

அந்த டீயை வைத்து நான் ஒரு பாட்டுக் கட்டினேன்.

பாலத்தாண்ட நின்னுகினு பாத்துச் சிரிச்சா
பாதி டீய எனக்குத் தந்து மீதி குடிச்சா
உப்புக் காத்து அடிக்கையில கண்ணத் தொடச்சா
ஒத்த வார்த்த சொல்லாமலே நெஞ்ச ஒடச்சா

குழுவில் பாடினேன். காசிமேட்டில் பிடித்துக்கொண்டது, அங்கிருந்து வியாசர்பாடி வரைக்கும் போனது. கல்யாண வீடுகளில் அதைக் கேட்டுத்தான் கூப்பிட்டார்கள். அவனுக்கு அதை நான் கேபினில்தான் முதலில் பாடிக் காட்டினேன். முழுசும் கேட்டுவிட்டு எழுந்து உட்கார்ந்தான்.

“யாருடா அந்தப் பொண்ணு?”

“எந்தப் பொண்ணு?”

“உனுக்குப் பாதி டீ குட்த்தவ. கூட்டினு வா, நானும் பாக்கறேன்.”

“ஸ்டேஜ்ல பாடணும்ல. வேற எப்டிப் பாட்றது?”

“இங்க ஸ்டேஜா கீது? நான் குட்த்த டீ அது. எவளோ குட்த்த மாதிரி பாட்றியே. கரெக்டா பாடு.”

பாடினேன். சிரிச்சான், குடிச்சான், தொடச்சான், ஒடச்சான். சொந்தமாகக் கட்டின பாட்டை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பாடுவதுபோல் இருந்தது. ஒவ்வொரு வரியின் முடிவிலும் நாக்கு மேலே போய் ஒட்டி நின்றது. அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். முடிந்ததும் “நல்லா கீது” என்று மட்டும் சொன்னான். பிறகு துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

அன்றிலிருந்து மேடையிலும் நான் அந்த ஒற்றெழுத்தை மூக்கில் லேசாக விட ஆரம்பித்தேன். சிரிச்சா என்றும் கேட்கலாம், சிரிச்சான் என்றும் கேட்கலாம். யாருக்கும் தெரியவில்லை. அவன் கூட்டத்தில் எங்கேயாவது நின்றிருந்தால் மறுநாள் போனில் சொல்லுவான்.

“நேத்து மூக்குல வுட்ட இல்ல? கேட்டுச்சு.”

“அந்த சவுண்ட்ல எப்டிடா கேட்டுது?”

“எனுக்குக் கேக்கும்.”

ஓர் ஆடி மாதம். கடற்கரையை ஒட்டிய ஒரு அம்மன் கோயில் திருவிழா. இருட்ட ஆரம்பிக்கும் நேரம், கூழ் ஊற்றி முடித்து ஜனங்கள் நிறைந்திருந்தார்கள். இடது பக்க ஸ்பீக்கர் பாக்ஸ் பக்கத்தில் அவன் நின்றான். வண்டியிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும், கையெல்லாம் கிரீஸ். என்னைப் பார்த்துச் சிரித்தான். எனக்குள் என்ன ஆயிற்று என்று இன்றுவரை சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தைரியம் என்று பிற்பாடு பலர் சொன்னார்கள். தைரியம் எல்லாம் இல்லை, சந்தோஷம். சந்தோஷத்தில் வாய் திறந்தபடி வந்துவிட்டது. ஒற்றெழுத்தை அழுத்தி, இழுத்து, சிரிச்சான் என்றே பாடினேன்.

முதல் தடவை யாரும் கவனிக்கவில்லை. கீபோர்டு வாசிக்கிற அண்ணன் மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்தார். அவர்தான் குழுவின் முதலாளி. இரண்டாவது தடவை முன்வரிசைப் பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். மூன்றாவதில் செல்போன்கள் மேலே வந்தன. பாட்டு முடிந்ததும் நிகழ்ச்சியை அறிவிக்கிறவர் மைக்கை எடுத்தார்.

“இன்னா தம்பி, பொண்ணு பையனாயிட்டாளா? வாய் கொளறுதா?”

கூட்டம் கைதட்டிச் சிரித்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். நான் சொன்னேன்:

“கொளறலண்ணா. இதான் கரெக்ட்டு. இத்தினி நாள் பாடுனதுதான் தப்பு.”

சிரிப்பு நிற்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நான் இடது பக்கம் பார்த்தேன். அவன் அங்கே இல்லை.

மறுநாள் காலையில் கடைக்குப் போகும் வழியெல்லாம் என் குரல் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. டீக்கடையில், ஆட்டோவில், மீன் ஏற்றும் வண்டியில். நான் பாடியதையும், கடைசியில் சொன்னதையும் வெட்டி ஒட்டி, மேலே ஒன்பது என்ற எண்ணைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். அந்த எண்ணுக்கு எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று தமிழ் படிக்கிற யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

கீபோர்டு அண்ணன் நல்ல மனுஷன். கடைக்கே வந்து உட்கார்ந்தார்.

“வாய் தவறி வந்துடுச்சுன்னு ஒரு வீடியோ போட்டுடுப்பா. ரெண்டு நாள்ல மறந்துருவாங்க.”

“தவறி வரலண்ணா.”

“சரி, வுடு. ‘நீ’ன்னு மாத்திக்கோ. நீ சிரிச்ச, நீ குடிச்ச. சந்தமும் ஒக்காருது. யாருக்கும் வலிக்காது.”

“இனிமே நான் நீன்னு பாடினாலும் ஜனங்களுக்கு அவன்னுதான் கேக்கும்ணா.”

அவர் கொஞ்ச நேரம் ஒரு பழைய ஆம்பின் மூடியைத் தடவிக்கொண்டிருந்தார். எழுந்து போகும்போது, “கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு” என்றார். அந்த ரெஸ்ட் இன்னும் முடியவில்லை. பாடகர் குழுவிலும் அதே வார்த்தையைத்தான் சொன்னார்கள், இன்னும் மெதுவான குரலில்.

அம்மா வீடியோவைப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி சொல்லித் தெரிந்துகொண்டாள். அடுப்படியிலிருந்து திரும்பாமலே கேட்டாள்.

“பாட்லதானே மாத்துன? திருப்பி மாத்திடேன்.”

“பாட்ல மட்டும் இல்லம்மா.”

அடுப்பை அணைத்தாள். குழம்பு பாதி கொதியில் நின்றுபோனது. அதன் பிறகு வெகுநாள் சோற்றுத் தட்டை வைப்பாள், எடுப்பாள், பேச மாட்டாள்.

நெட்டில் பேட்டி எடுத்துப் போடுகிற ஒருத்தர் கேமராவோடு தேடிக்கொண்டு வந்தார். “நீங்க அந்த மாதிரியா?” என்று கேட்டார். எந்த மாதிரி என்று திருப்பிக் கேட்டிருக்கலாம். களைப்பாக இருந்தது. “ஆமா. எனக்கு ஆம்பளைங்களத்தான் புடிக்கும்” என்றேன். “அந்த அவன் யாரு?” என்றார். “அத கேக்காதீங்க” என்று எழுந்துவிட்டேன். அன்றிலிருந்து நான் வெளிப்படையானவன் ஆனேன். கல்யாணத்துக்குக் கூப்பிடுவது நின்றது, அது எதிர்பார்த்ததுதான். சாவுக்கும் கூப்பிடுவது நின்றதுதான் வயிற்றில் அடித்தது. செத்துக் கிடக்கிறவருக்கு நான் யாராக இருந்தால் என்ன?

அவன் போனை எடுக்கவில்லை. நானே போய் வரிசையில் வண்டியைக் கண்டுபிடித்து ஏறினேன். கேபினில் துண்டு கட்டவில்லை, வெயில் நேராக அடித்தது.

“எறங்கு. எவனாவது பாப்பான்.”

“நீதானடா கரெக்டா பாடச் சொன்ன.”

“என்கிட்ட பாடச் சொன்னேன். ஊருக்கா பாடச் சொன்னேன்?”

அவன் கத்தவில்லை. கீழுதடு உள்பக்கம் கிழிந்து வீங்கியிருந்தது. என்ன ஆச்சு என்று கேட்டேன். கன்டெய்னர் யார்டில் யாரோ கேட்டார்களாம், அந்த டீ குடுத்தவன் நீதானே, உன் வண்டியில்தானே அவன் ஏறுவான் என்று. இவன் இல்லை என்றானாம். நம்பவில்லையாம்.

“உனுக்கு கைதட்ட நாலு பேராச்சும் வருவான் மாமு. எனுக்கு இந்த ரோடு மட்டும்தான். இங்கதான் நான் தூங்கணும்.”

இறங்கினேன். கதவை அவனே இழுத்துச் சாத்தினான்.

கைதட்ட ஆள் வரத்தான் செய்தார்கள். அடையாற்றைத் தாண்டி, மாடியில் ஒரு காபிக் கடை. தரையில் மெத்தைகள், சுவரெல்லாம் ஓவியம். என்னை வெளிப்படையாகத் தன்னைச் சொல்லிக்கொண்ட கானா பாடகர் என்று அறிமுகப்படுத்தினார்கள். பாடினேன். கைதட்டுவதற்குப் பதிலாக விரலைச் சொடுக்கினார்கள், அது பாராட்டு என்று பிறகு தெரிந்தது. பேசும்போது நான் கொஞ்சம் நல்ல தமிழில் பேசிப் பார்த்தேன். ஏற்பாடு செய்த பெண், “நீங்க உங்க பாஷையிலேயே பேசுங்க, அதுதான் அழகா இருக்கு” என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். அதற்குப் பிறகு எனக்குப் பேச வரவில்லை. எல்லோரும் கலைந்த பிறகு, கண்ணாடி போட்ட ஒருத்தர், வங்கியில் வேலை பார்ப்பவராம், என் கையைப் பிடித்துக்கொண்டார். “எனக்குக் கல்யாணம் பேசி முடிச்சிட்டாங்க. நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. அந்த ஒரு எழுத்தை இன்னொரு தடவை பாடுறீங்களா?” என்றார். படிக்கட்டில் நின்று அவருக்காக மட்டும் பாடினேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுவிட்டு, நன்றி சொல்லாமல் இறங்கிப் போனார்.

இதற்கிடையில் பாட்டு என்னை விட்டுத் தனியாகப் போய்விட்டது. வேறொரு குழுவில் ஒரு பையன் அதை எடுத்து, தாளத்தை ஏற்றி, சிரிச்சா என்றே பாடி வெளியிட்டான். ஜனங்களுக்கு வீடியோவில் பாட்டு பிடித்திருந்தது, ஒற்றெழுத்துதான் பிடிக்கவில்லை, அதை எடுத்துவிட்டால் எல்லாம் சரி. மணலி புதுநகரில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு மைக் செட் கட்டப் போயிருந்தபோது அந்தப் பையனே மேடையில் பாடினான். நான் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளையும் பெண்ணும் ஆடினார்கள். பையனின் குரல் மேலே போகும்போது கீச்சென்று கிழிந்தது. அதை மட்டும் கொஞ்சம் குறைத்து வைத்தேன். நல்ல குரல்தான்.

அந்த வாரம்தான் அவன் போன் வந்தது. பல மாதத்துக்குப் பிறகு.

“மாமு, எங்க கீற?”

“கடைல. சொல்லு.”

“டீக்கடைல நம்ம பாட்டு ஓடுது. கேளு.” போனை வெளியே நீட்டினான். இரைச்சலுக்குள் அந்தப் பையனின் குரல் கேட்டது. “நான் மறுபடியும் பொண்ணாயிட்டேன்டா” என்று சிரித்தான்.

“உனுக்கு ஓகேவா?”

“இதுவே இருக்கட்டும். எவனுக்கும் பேஜாரு இல்ல.” பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. “ஆனா அவனுக்கு உன் மாதிரி வரல. சும்மா பாட்றான்.”

“வரட்டுமா?”

“வாணாம். இப்ப வாணாம். நானே சொல்றேன்.”

அவன் சொல்லவில்லை.

ஒரு முற்பகல், துறைமுக வாசல் வரிசையில், முன்னால் இருந்த வண்டிகள் நகர்ந்தன. அவன் வண்டி நகரவில்லை. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். தூங்குகிறான் என்று திட்டினார்கள். ஒருத்தன் இறங்கி வந்து கதவைத் தட்டினான், பிறகு ஏறித் திறந்தான். நெஞ்சு வலி வந்திருக்கிறது, இறங்கிக் கூப்பிடக்கூட நேரம் இருந்திருக்காது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். வண்டியை ஓரம் கட்ட வேறு டிரைவர் வரும்வரை அந்த வரிசை முழுக்க நின்றிருக்கிறது. எத்தனை பேர் அன்றைக்கு அவனைச் சபித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

எனக்குச் சொன்னது அவன் அக்கா, அவன் போனிலிருந்தே. அவளோடு அதுவரை நான் பேசியதில்லை, அவள் சமைத்ததைச் சாப்பிட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

“நான் அவன் அக்கா பேசறேன். தம்பி பூட்டான்பா.” பிறகு, “நீ வந்து பாடணும். வேற ஆள் வாணாம்னு சொல்லிட்டேன்” என்றாள்.

முகத்துவாரக்குப்பத்தில் சாமியானா போட்டிருந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் அவன் படுத்திருந்தான், வாரி விட்ட தலை. அவன் ஒருநாளும் அப்படி வகிடெடுத்து வாரியதில்லை. அந்த வகிட்டைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் அப்பா எழுந்து வந்து என்னைத் தனியே அழைத்துப் போனார். காய்ந்த வலைகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

“எம் பொண்ணு கூப்டுச்சு, நீ வந்துட்ட. நான் வாணாம்னு சொல்ல மாட்டேன். ஆனா தோஸ்துன்னு பாடு. பெத்தவங்களுக்குப் பாடு. வேற எதுவும் வாணாம் நைனா. இன்னும் இங்கதான் நாங்க இருக்கணும்.”

“சரிங்கப்பா” என்றேன்.

வார்த்தையைக் காப்பாற்றினேன். கூட வந்த இரண்டு பேர் தாளம் போட, பெற்றவள் அழுகிற மாதிரிப் பாடினேன். கூடப் பிறந்தவளுக்காகப் பாடினேன். லாரிக்காரத் தோழர்களுக்காகப் பாடினேன். செத்தவரை அவன் அவள் என்று யாரும் பாடுவதில்லை. எங்கே போனாய் நீ, ஏன் போனாய் நீ என்றுதான் பாட்டு. அதனால் அன்று எனக்கு எந்தச் சொல்லையும் மறைக்க வேண்டியிருக்கவில்லை. நடுநடுவே அக்கா சொம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

பாடைப் பல்லக்குக்குப் பூ கட்டி முடிக்கும் நேரம். பெட்டியின் தலைமாட்டில் இருந்த அவர்கள் அத்தை ஒருத்தி நிமிர்ந்து சொன்னாள்:

“கண்ணாலம் ஆவாத புள்ளப்பா. பொண்ணு பாட்ட பாடு.”

கல்யாணம் ஆகாமல் போனவர்களின் சாவில் சில வீடுகளில் இப்படிக் கேட்பார்கள். வராமல் போன மணப்பெண் வந்து நின்று அழுவதாகப் பாட வேண்டும். பாடுகிறவன் ஆணாக இருந்தாலும் குரல் அவளுடையது. நான் எத்தனையோ வீடுகளில் அதைப் பாடியிருக்கிறேன். அத்தைக்கு ஒன்றும் தெரியாது. அவள் ஏக்கத்தில் கேட்டாள். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா என்னைப் பார்த்து, “பாடு” என்றாள்.

மால கட்டி வெச்சிருந்தேன் மாத்த நீ இல்ல
வாசப்படி பாத்திருந்தேன் வந்து நிக்கல
பந்தலுக்குக் காலு நட்டான் பாத்தியா நீயும்
பாயி ஒண்ணு போதுமின்னு படுத்துகினியே

தாளக்காரன் கை நின்றுவிட்டது. தாளம் இல்லாமலே பாடினேன். பின்னால் நாற்காலிப் பக்கத்திலிருந்து ஒரு குரல், “பாத்தியா, இவனே பொண்ணாயிட்டான்” என்றது. இரண்டு மூன்று பேர் மூக்கால் சிரித்தார்கள். அக்கா எழுந்தாள். தலை அவிழ்ந்து கிடந்தது.

“எவன்டா அது? எந்திரிச்சு வா. எந்தம்பி மூஞ்சப் பாத்து சிரி பாக்கலாம்.”

யாரும் வரவில்லை. அவன் அப்பா எழுந்து, சாமியானாவுக்கு வெளியே போய், ஆற்றுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நான் முடிக்கும்வரை திரும்பவில்லை. நான் அந்தப் பாட்டின் எல்லா அடியையும் பாடினேன். வழக்கமாகப் பாடாமல் விடுகிறதையும் விடவில்லை.

பல்லக்கு எடுத்தார்கள். வெடி, மேளம், பூ. குப்பத்தின் சந்து முடிந்து சாலை தொடங்கும் இடம்வரை நானும் நடந்தேன். அங்கே அவன் அப்பா என் தோளில் கை வைத்தார்.

“நல்லா பாடுனப்பா. இத்தோட நின்னுக்கோ.”

நின்றேன். பல்லக்கு போவதற்காகக் கன்டெய்னர் லாரிகளை இரண்டு பக்கமும் நிறுத்தியிருந்தார்கள். அது போன பிறகு ஒவ்வொன்றாகக் கிளம்பின. புழுதி அடங்கும்போது அவர்கள் கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விட்டார்கள். எண்ணூர் சாலை முழுக்க ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களில் நண்பர்கள் என்று டிரைவர்கள் எல்லோர் பெயரும் இருந்தது. என் பெயர் இல்லை. எந்த இடத்தில் போடுவது என்று அவர்களுக்கும் தெரிந்திருக்காது.

இப்போதும் மைக் செட் கடையில்தான் இருக்கிறேன். காபிக் கடைகளிலிருந்து எப்போதாவது கூப்பிடுவார்கள், போவேன், அந்தப் பாட்டைக் கேட்டால் வேறொன்றைப் பாடுவேன். சாவு வீடுகளிலிருந்து மட்டும் மறுபடி அழைப்பு வர ஆரம்பித்திருக்கிறது. குப்பத்தில் பாடியதைக் கேட்டவர்கள் சொல்லியிருப்பார்கள்போல. கல்யாணம் ஆகாத பிள்ளைகள் இறந்தால் என்னைத் தேடுகிறார்கள்.

காரியம் முடிந்து சில நாள் கழித்து அவன் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஒரு பையில் சங்கரா மீன் கொண்டுவந்திருந்தாள். அம்மாவும் அவளும் முன்னறையில் உட்கார்ந்து மீன் விலை, மழை, எண்ணூர் பஸ் என்று பேசினார்கள். அவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அம்மா சோறு போட்டாள், அவள் சாப்பிட்டாள். கிளம்பும்போது அம்மாவின் கையைப் பிடித்து, “வரேம்மா. இத்த பாத்துக்கோங்க” என்று என் பக்கம் தலையை ஆட்டினாள்.

அவள் போன பிறகு அம்மா பின்பக்கம் அரிவாள்மணையைப் போட்டு மீன் ஆய உட்கார்ந்தாள். நான் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். செதில் சீவிக்கொண்டே கேட்டாள்.

“எப்டி இருப்பான் அந்தப் புள்ள?”

அவ்வளவு காலத்தில் என்னிடம் அதை யாரும் கேட்டதில்லை. பேட்டி எடுத்தவர் யார் என்று கேட்டார், காபிக் கடையில் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். எப்படி இருப்பான் என்று கேட்டது அம்மாதான். நான் சொன்னேன். கறுப்பு. என்னைவிட உயரம். முன்பல் ஒன்று கொஞ்சம் ஏறியிருக்கும். வண்டி ஓட்டும்போது நாக்கை மடித்துக் கடித்துக்கொள்வான். தூக்கத்தில் பேசுவான், லெஃப்ட்ல வா, லெஃப்ட்ல வா என்று. அதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அது சிரிப்பாக இல்லாமல் போனது.

அம்மா கையை நிறுத்தவில்லை.

“ஒரு வாட்டி வூட்டாண்ட கூட்டினு வந்திருக்கலாம் இல்ல.”

“வந்திருந்தா உள்ள வுட்டிருப்பியாம்மா?”

அவள் அந்த மீனை முழுக்க ஆய்ந்து முடித்து, கழுவி, சட்டியில் போட்டாள். அடுத்ததை எடுத்தாள்.

“தெர்லடா” என்றாள்.